என்.எஃப்.எல். டிராஃப்டில் ஓர் அணி எந்த ஆட்ட இடங்களைத் தேடும்? கணிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இங்கே பேசப்படுவது அமெரிக்கக் கால்பந்து; என்.எஃப்.எல். அதன் தொழில்முறை லீக். ஏப்ரல் கடைசியில் 3 நாள்கள், 7 சுற்றுகளாக, 32 அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன், ஒரே ஓர் அணியை எடுத்துக்கொண்டு, அது தன் முதல் மூன்று சுற்றுகளை எந்த ஆட்ட இடங்களுக்கு (வீரர்கள் களத்தில் வகிக்கும் பொறுப்புகளுக்கு) செலவிடும் என்று கணிப்பதே இந்த வழிகாட்டியின் வேலை. எந்த வீரர் எத்தனையாவது தேர்வாகப் போவார் என்பதை நான் இங்கே தொடவில்லை. வீரரின் பெயர் மற்ற அணிகளின் முடிவுகளையும் பொறுத்தது. ஆட்ட இடமோ பெரும்பாலும் அந்த அணியின் சொந்தக் கணக்கிலிருந்தே வருவதால், அதைப் படித்து அறிய முடியும். நான்காம் சுற்றுக்குப் பிறகு மாற்று ஆட்டக்காரர்களும், பந்தை உதைக்கும் வேளைகளில் இறங்கும் சிறப்புப் பிரிவுக்கான ஆட்களுமே பெரும்பாலும் எடுக்கப்படுகிறார்கள் என்பதால், அங்கே கணிப்பு ஊகமாகிவிடுகிறது.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். கடந்த பருவத்தில் அணி எங்கே அடிவாங்கியது என்று ஒரு பட்டியல் போட்டு, அதையே கணிப்பாக வைத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் தேவைதான். ஆனால் அதைக் கையில் எடுக்கும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றிப் பாருங்கள்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அணியின் இன்றைய வீரர் பட்டியலும், ஒவ்வொருவரின் வயதும், ஒப்பந்தம் முடியும் ஆண்டும் வேண்டும். அணியிடம் உள்ள தேர்வு எண்கள் அனைத்தும், இப்போதைய பொது மேலாளர் பொறுப்பேற்ற நாளிலிருந்து அவர் செய்த தேர்வுகள் அனைத்தும், கடந்த பருவத்தில் ஒவ்வொரு வீரரும் எத்தனை ஆட்ட நகர்வுகளில் (ஸ்னாப்) களத்தில் நின்றார் என்ற எண்ணிக்கையும் வேண்டும். இவை எல்லாமே பொதுவில் கிடைப்பவை.

காலமும் முக்கியம். மார்ச் நடுவில் புதிய லீக் ஆண்டு தொடங்கி, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அணி மாறும் முதல் இரண்டு வாரங்கள் ஓயும்வரை இறுதித் தாளை எழுத வேண்டாம். பிப்ரவரியில் தயாரித்த தாள் பெரும்பாலும் கிழித்துப் போடத்தான் உதவும். அந்த இரண்டு வாரங்களில் அணி தன் ஓட்டைகளில் பாதியை அடைத்துவிட்டு, புதிதாக இரண்டைத் திறந்துவிடும்.

1. முடிவெடுப்பவர் யார் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

அணிகளுக்குப் பழக்கம் கிடையாது. அவற்றை நடத்தும் ஆட்களுக்குத்தான் உண்டு. பொது மேலாளர் மாறியிருந்தால் பழைய வரலாற்றை அப்படியே ஒதுக்கிவிட்டு, புதியவர் முன்பு எந்த அணியில், யாருக்குக் கீழ் வேலை பார்த்தார் என்று பாருங்கள். சில அணிகளில் தலைமைப் பயிற்சியாளரின் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்கும். இதை முதல் படியாக வைக்கக் காரணம், பின்னால் வரும் படிகள் எல்லாவற்றிலும் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும் என்பதே.

2. தேர்வு எண்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள்

பிளே-ஆஃபுக்குள் நுழையாத 18 அணிகள் முதல் 18 எண்களையும், நுழைந்த 14 அணிகள் 19 முதல் 32 வரையும் பெறுகின்றன. அணிகள் தேர்வு எண்களையும் வீரர்களையும் தமக்குள் மாற்றிக்கொள்ளும் பண்டமாற்றுகளால் இந்த வரிசை கலைந்துபோயிருக்கும். ஓர் அணிக்கு 20-ஆம் எண்ணுக்குப் பிறகு அடுத்த தேர்வு 84-இல்தான் என்றால், நடுவில் போகும் 63 வீரர்களில் ஒருவர்கூட அதற்குக் கிடைக்க மாட்டார். அந்த அணி முதல் தேர்வில் தன் மிக அவசரமான இடத்தை நிரப்பும், அல்லது சில எண்கள் பின்னுக்கு இறங்கி கூடுதல் தேர்வைப் பெறப் பார்க்கும். 22, 28, 53, 59 என்று நெருக்கமாகக் கையில் வைத்திருக்கும் அணியோ எதற்கும் அவசரப்பட வேண்டியதில்லை.

3. ஒப்பந்தத் தாளை அடுத்த ஆண்டுக்காகப் படியுங்கள்

மொத்த வேலையில் அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும். தாளில் மூன்று நிரல்கள் போடுங்கள்: இந்தப் பருவத்தில் யார் ஆடுவார், அடுத்த பருவத்தில் யார் ஆடுவார், அதற்கடுத்த பருவத்தில் யார் ஆடுவார். ஒவ்வோர் ஆட்ட இடத்துக்கும் பெயரை நிரப்புங்கள். முதல் நிரலில் பெயர் இருந்து இரண்டாம் நிரல் காலியாக இருக்கும் இடங்களை வட்டமிடுங்கள். அணியின் முன்னுரிமை முதல் நிரலைவிட இந்த வட்டங்களில்தான் அதிகம் இருக்கும்.

இதற்குக் காரணம் எளிது. கல்லூரியிலிருந்து வருபவர் முதல் ஆண்டிலேயே முழு ஆட்டக்காரராவது அரிது. ஓராண்டு பழக்கி இறக்க வேண்டுமானால், ஓட்டை விழுவதற்கு ஓராண்டு முன்பே அவரை எடுத்தாக வேண்டும். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2022-இல் இரண்டாம் சுற்றில், 51-ஆம் எண்ணில், கேம் ஜர்கன்ஸ் என்ற சென்டரை (முன்வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவரை) எடுத்தது. அப்போது அந்த இடத்தில் ஜேசன் கெல்சி இருந்தார். லீக்கின் தலைசிறந்த சென்டர்களில் அவர் ஒருவர். ஓட்டை என்று எதுவுமே இல்லை. ஆனால் கெல்சியின் வயதையும் ஆண்டுதோறும் எழுந்துகொண்டிருந்த ஓய்வுப் பேச்சையும் குறித்து வைத்திருந்தவர்களின் தாளில் அடுத்த நிரல் காலியாகத்தான் இருந்திருக்கும். கெல்சி 2024 மார்ச்சில் ஓய்வை அறிவித்தபோது மாற்று ஆட்டக்காரர் தயாராக இருந்தார்.

ஐந்தாம் ஆண்டு உரிமையையும் இதே தாளில் எழுதுங்கள். முதல் சுற்று வீரர்களின் ஒப்பந்தம் 4 ஆண்டுகள். ஐந்தாவது ஆண்டுக்கு அவரை வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவதா என்பதை மூன்றாம் பருவம் முடிந்த பிறகு, மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்ல வேண்டும். அதாவது கெடு டிராஃப்டை ஒட்டியே வருகிறது. முடிவை இன்னும் சொல்லாமல் வைத்திருக்கும் வீரரின் இடத்தைக் கேள்விக்குறியோடு எழுதுங்கள். அவருடைய மூன்றாம் பருவ ஆட்டம் சுமாராக இருந்தால் அதைக் காலி இடமாகவே கொள்ளலாம்.

இங்கே நடக்கும் பொதுவான தவறு, ஒப்பந்தம் இருக்கிறது என்பதாலேயே ஆள் இருப்பார் என்று நம்புவது. என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் உத்தரவாதத் தொகை முடிந்துவிட்டால் மீதி ஆண்டுகள் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். 30 வயதைத் தாண்டிய, உத்தரவாதம் தீர்ந்த, ஊதிய வரம்பில் (ஓர் அணி மொத்தமாகத் தரக்கூடிய ஊதியத்தின் உச்சத்தில்) பெரும் பங்கை விழுங்கும் வீரர் அடுத்த நிரலில் இல்லை என்றே எழுதுங்கள்.

4. ஆட்ட அமைப்பு மாறியதா என்று பாருங்கள்

பயிற்சியாளரோ, தாக்குதலையோ தடுப்பையோ நடத்தும் ஒருங்கிணைப்பாளரோ மாறினால், இருக்கும் வீரர்களே புதிய முறைக்குப் பொருந்தாமல் போவார்கள். தடுக்கும் தரப்பில் முன்னால் மூவரை நிறுத்தும் முறைக்கு நடுவில் பெரிய உடல்வாகுள்ள தடுப்பாளர் வேண்டும். நால்வரை நிறுத்தும் முறையில் வேகமாகப் பாயும் டிஃபென்சிவ் டாக்கிளுக்கு (தடுக்கும் முன்வரிசையின் நடுப்பகுதி வீரருக்கு) மதிப்பு கூடும்.

இப்போது பெரும்பாலான அணிகள் பாதிக்கும் மேற்பட்ட ஆட்ட நகர்வுகளில் ஐந்து பின்வரிசைத் தடுப்பாளர்களைக் களமிறக்குகின்றன. அதனால் உள்பக்க கார்னர்பேக்கை (பந்தைப் பிடிக்க ஓடுபவர்களை மறிப்பவரை) முழுநேர ஆட்டக்காரராகவே எண்ணுங்கள். மூன்றாவது லைன்பேக்கரை (தடுக்கும் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவரை) பகுதிநேர ஆட்டக்காரராக எண்ணுங்கள். பட்டியலில் மூன்று லைன்பேக்கர் இடங்கள் இருப்பதைப் பார்த்து அங்கே ஒரு ஓட்டை என்று எழுதுவது, களத்தில் நின்ற எண்ணிக்கையைப் பாராததால் வரும் பிழை.

5. மார்ச் மாத ஒப்பந்தங்களைச் செயலாகப் படியுங்கள்

பத்திரிகையாளர் கூட்டத்தில் சொல்லப்படுவதைவிட, எவ்வளவு உத்தரவாதம் கொடுத்தார்கள் என்பது தெளிவாகப் பேசும். பெரிய உத்தரவாதத்தோடு மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்திருந்தால் அந்த இடம் அடைபட்டது. சிறிய தொகையில் ஓராண்டு ஒப்பந்தம் என்றால் அவசரம்தான் தீர்ந்தது; தேவை இருக்கிறது. டிராஃப்டில் நல்ல ஆள் கிடைத்தால் எடுப்போம், கிடைக்காவிட்டால் பதற மாட்டோம் என்பதே அதன் பொருள்.

2021-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் இதைத் தெளிவாகக் காட்டியது. முந்தைய நவம்பரில் அதன் இளம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோ பரோவின் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. எனவே 5-ஆம் எண்ணில், தாக்கும் முன்வரிசையின் ஓரத்தில் நின்று அவரைக் காக்கும் டாக்கிளைத்தான், அதாவது பெனே சீவலைத்தான், எடுக்க வேண்டும் என்று பலர் எழுதினார்கள். ஆனால் மார்ச்சில் அந்த அணி ரைலி ரீஃப் என்ற அனுபவமுள்ள டாக்கிளை ஓராண்டுக்கு எடுத்திருந்தது. அதே மார்ச்சில் வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஏ. ஜே. கிரீன் வெளியேறினார். ஒரு பக்கம் அவசரம் தணிந்தது, மறுபக்கம் புது ஓட்டை திறந்தது. பரோவுடன் கல்லூரியில் ஆடிய ரிசீவர் ஜாமார் சேஸை அணி எடுத்தது. முன்வரிசைக்கான ஆளை இரண்டாம் சுற்றில் தேடிக்கொண்டது.

இந்தப் படியில் ஓர் எச்சரிக்கை. 2024 மார்ச்சில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸுக்கு 4 ஆண்டுகளுக்கு 18 கோடி டாலர், அதில் 10 கோடி உத்தரவாதம் என்று ஒப்பந்தம் கொடுத்தது. சில வாரங்களில் 8-ஆம் எண்ணில் மைக்கேல் பெனிக்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கையே எடுத்தது. அந்த இடத்தை முழுக்க அழித்துவிட்டவர்கள் எல்லோரும் தவறினார்கள். கசின்ஸுக்கு அப்போது 35 வயது. முந்தைய அக்டோபரில் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. மூன்றாம் படியின் தாளை ஒழுங்காக நிரப்பியிருந்தால் மூன்றாம் நிரல் காலியாக இருந்திருக்கும். எவ்வளவு பெரிய ஒப்பந்தமானாலும் ஓர் இடத்தைத் தாளிலிருந்து அழிக்காதீர்கள். கீழே இறக்கி வையுங்கள்.

6. ஆட்ட இடத்தின் சந்தை விலையைச் சேருங்கள்

டிராஃப்டில் வரும் வீரரின் ஊதியம் தேர்வு எண்ணைப் பொறுத்தது, ஆட்ட இடத்தைப் பொறுத்ததன்று. 10-ஆம் எண்ணில் வரும் ரன்னிங் பேக்கும் (பந்தோடு ஓடுபவர்) எட்ஜ் ரஷரும் (ஓரத்திலிருந்து எதிரணிக் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்) ஏறக்குறைய ஒரே தொகைதான் பெறுவார்கள். சந்தையிலோ இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் உண்டு. 2024-இல் ஃப்ரான்சைஸ் டேக் தொகை (ஒப்பந்தம் முடியும் வீரரை இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்ள அணி தர வேண்டியது) குவார்ட்டர்பேக்குக்குச் சுமார் 3.8 கோடி டாலர். ரன்னிங் பேக்குக்குச் சுமார் 1.2 கோடி. விலையுயர்ந்த இடத்தை டிராஃப்டில் நிரப்பினால் மிச்சமாகும் பணம் அதிகம் என்பதால், முதல் சுற்று குவார்ட்டர்பேக், டாக்கிள், எட்ஜ் ரஷர், வைட் ரிசீவர், கார்னர்பேக் பக்கம் சாய்கிறது. சேஃப்டி (கடைசி வரிசைத் தடுப்பாளர்), கார்டு (முன்வரிசையில் சென்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்), ரன்னிங் பேக், உள்பக்க லைன்பேக்கர் ஆகியோர் இரண்டாம் மூன்றாம் சுற்றுக்கு இறங்குகிறார்கள்.

டேக் தொகைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. அந்தக் கணக்கில் முன்வரிசை முழுவதும் ஒரே வகையாகச் சேர்க்கப்படுவதால், டாக்கிளின் விலை கார்டுக்கும் ஒட்டிக்கொள்கிறது. சில அணிகளின் எட்ஜ் ரஷர்கள் லைன்பேக்கர் வகையில் பதிவாவதால் அந்த வகையின் தொகை ஊதிப்போகிறது. லைன்பேக்கர் விலையுயர்ந்த இடம் என்று புதியவர்கள் முடிவு செய்வது பெரும்பாலும் இந்த வரியைப் படித்துத்தான்.

இந்தச் சாய்வை மதிக்காத அணிகளும் உண்டு. டெட்ராய்ட் லயன்ஸ் 2023-இல் 12-ஆம் எண்ணில் ரன்னிங் பேக் ஜாமிர் கிப்ஸையும் 18-ஆம் எண்ணில் லைன்பேக்கர் ஜாக் கேம்ப்பெல்லையும் எடுத்தது. ஆகவே இந்தப் படியை வைத்து வரிசையை மாற்றலாம். எந்த இடத்தையும் வெளியே தள்ளக் கூடாது.

7. பொது மேலாளரின் பழக்கத்தை எண்ணுங்கள்

பழக்கம் என்று சொல்லக் குறைந்தது நான்கு ஆண்டுத் தேர்வுகள் வேண்டும். எந்தச் சுற்றில் எந்த இடம் என்று கட்டம் போட்டு எண்ணினால், சில மேலாளர்களிடம் வியக்கத்தக்க ஒழுங்கு தெரியும்.

கிரீன் பே பேக்கர்ஸில் பிரையன் குட்டகன்ஸ்ட் 2018-இலிருந்து பொறுப்பில் இருக்கிறார். 2018 முதல் 2023 வரை அவர் முதல் சுற்றில் எடுத்த 8 பேரில் 7 பேர் தடுக்கும் தரப்பினர். மீதி ஒருவர் குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ். வைட் ரிசீவர் விஷயத்தில் பழக்கம் அவருக்கும் முந்தையது. 2002-க்குப் பிறகு 2024 வரை அந்த அணி முதல் சுற்றில் ரிசீவரை எடுக்கவே இல்லை. கிரெக் ஜென்னிங்ஸ், ஜோர்டி நெல்சன், ரண்டால் காப், டவான்டே ஆடம்ஸ் ஆகிய நால்வருமே இரண்டாம் சுற்றில் வந்தவர்கள். அந்த இடத்தை அவர்கள் அலட்சியம் செய்யவில்லை. அதற்கு அவர்கள் தந்த விலை இரண்டாம் சுற்று, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கணிப்பு ஒரு படி மேலே போகும்.

பழக்கம் உடையும் நாளும் வரும். 2025-இல், கிரீன் பேயிலேயே டிராஃப்ட் நடந்தபோது, 23-ஆம் எண்ணில் மேத்யூ கோல்டன் என்ற ரிசீவரை அதே அணி எடுத்தது. எனவே பழக்கத்தை நிகழ்தகவாக எழுதுங்கள், விதியாக எழுதாதீர்கள்.

8. அந்த ஆண்டின் வரத்தைக் கடைசியாகச் சேருங்கள்

சந்தையில் எந்தக் காய் மலிந்து வந்திருக்கிறது என்று பார்ப்பது போன்ற வேலை இது. 2024-இல் முதல் 12 எண்களுக்குள் 6 குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். முதல் 14 தேர்வுகளும் தாக்கும் தரப்பினரே. 15-ஆம் எண்ணில்தான் தடுக்கும் தரப்பின் முதல் வீரர் போனார். அப்படிப்பட்ட ஆண்டில் 15-க்குப் பின் இருந்த அணிக்குத் தடுக்கும் தரப்பில் தலையாய வீரர்கள் வழக்கத்தைவிடப் பின்னால் கிடைத்தார்கள்.

ஒவ்வோர் இடத்திலும் நல்ல வீரர்கள் எந்த எண்ணருகில் தீர்ந்துபோவார்கள் என்று மட்டும் குறியுங்கள். உங்கள் அணியின் இரண்டு தேர்வுகளுக்கு நடுவில் ஓர் இடத்தின் வரத்து தீர்ந்துபோகும் என்றால், அந்த இடம் முந்தைய தேர்வுக்கு நகரும். இரண்டாவது தேர்வு வரை வரத்து நீளும் என்றால் அது காத்திருக்கும். வரத்தை முதலில் பார்ப்பவர்கள் தமக்குப் பிடித்த வீரரின்மீது கண் விழுந்து, தேவையை அவருக்கேற்ப வளைத்துவிடுகிறார்கள்; அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

9. ஒரு தாளை நிரப்பிப் பார்ப்போம்: கிரீன் பே, ஏப்ரல் 2022

பயிற்சிக்கு நான் புதியவர்களிடம் கொடுக்கும் தாள் இது. டிராஃப்டுக்கு முந்தைய நாள் வரை தெரிந்ததை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

தேர்வு எண்கள்: 22, 28, 53, 59, 92. இவற்றில் 22-உம் 53-உம் மார்ச்சில் டவான்டே ஆடம்ஸை ரைடர்ஸுக்குக் கொடுத்துப் பெற்றவை. இன்னொரு ரிசீவர் மார்கெஸ் வால்டஸ்-ஸ்கான்ட்லிங்கும் வெளியேறியிருந்தார். ஓராண்டு ஒப்பந்தத்தில் சாமி வாட்கின்ஸ் வந்திருந்தார். முன்வரிசையில் பில்லி டர்னர் விடுவிக்கப்பட்டிருந்தார், லூக்கஸ் பேட்ரிக் வேறு அணிக்குப் போயிருந்தார். எட்ஜ் ரஷர் சதாரியஸ் ஸ்மித்தும் விடுவிக்கப்பட்டிருந்தார்.

தேவையை மட்டும் வைத்து எழுதினால் முதல் வரி ரிசீவர், அதுவும் 22-இல். பழக்கத்தைச் சேர்த்தால் ரிசீவர் இரண்டாம் சுற்றுக்கு இறங்கி, 22-உம் 28-உம் தடுக்கும் தரப்புக்குப் போகின்றன. வரத்தைச் சேர்த்தால், தலையாய ரிசீவர்கள் 22-க்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும் என்பதால் அந்த முடிவு இன்னும் உறுதிப்படுகிறது. ஆகத் தாள் இப்படி நிற்கும்: முதல் சுற்றில் தடுக்கும் தரப்பின் முன்பகுதி, இரண்டாம் சுற்றில் ரிசீவர், மூன்றுக்குள் ஒரு முன்வரிசை வீரர்.

நடந்தது: ஆறு ரிசீவர்கள் 18-ஆம் எண்ணுக்குள்ளேயே போய்விட்டார்கள். பேக்கர்ஸ் 22-இல் லைன்பேக்கர் குவே வாக்கரையும் 28-இல் டிஃபென்சிவ் டாக்கிள் டெவான்டே வயட்டையும் எடுத்தது. பிறகு 53, 59 இரண்டையும் கொடுத்து 34-க்கு ஏறி, ரிசீவர் கிறிஸ்டியன் வாட்சனை எடுத்தது. 92-இல் முன்வரிசைக்கு ஷான் ரையன். லைன்பேக்கரை நேரடியாக இந்தத் தாள் சொல்லியிருக்காது. தி’வாண்ட்ரே கேம்ப்பெல்லோடு அணி அப்போதுதான் மறு ஒப்பந்தம் செய்திருந்தது. மற்ற மூன்றும், அவை வந்த சுற்றும் தாளில் இருக்கின்றன. தேவைப் பட்டியலை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு முதல் இரவில் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

10. கடைசி இரண்டு வாரங்களில் எதைக் கேட்பது

வெளியூர்க் கல்லூரி வீரர்களில் 30 பேரை மட்டுமே ஓர் அணி தன் வளாகத்துக்கு அழைக்கலாம். உள்ளூர் வீரர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. அந்த 30 பேரின் பெயர்களைவிட, அவர்கள் எந்தெந்த ஆட்ட இடத்தவர்கள் என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். ஆறு பேர் கார்னர்பேக் என்றால் அந்த இடத்தை ஒரு படி ஏற்றலாம். ஒரே ஒருவரின் வருகைக்கு அதிகப் பொருள் கொடுக்காதீர்கள். உடல்நிலை ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளவும் அழைப்பார்கள்.

பெயர் சொல்லாத ஆதாரங்களின் வழியாக வரும் செய்திகளை நான் தாளில் சேர்ப்பதில்லை. அந்த வாரங்களில் தன் உண்மை விருப்பத்தை வெளியே சொல்வதால் எந்த அணிக்கும் இலாபமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிராஃப்டுக்குப் பின்வரும் திங்கட்கிழமைக்குப் பிறகு செய்யப்படும் ஒப்பந்தங்கள் அடுத்த ஆண்டின் இழப்பீட்டுத் தேர்வுக் கணக்கில் (வெளியேறிய வீரர்களுக்கு ஈடாக லீக் தரும் கூடுதல் தேர்வுகளின் கணக்கில்) சேர்வதில்லை. ஆகவே அனுபவமுள்ள வீரர்களுக்காகச் சில அணிகள் அதுவரை வேண்டுமென்றே காத்திருக்கும். சந்தையில் நல்ல சேஃப்டிகள் நான்கு பேர் இன்னும் நிற்கிறார்கள் என்றால், உங்கள் அணியின் சேஃப்டி ஓட்டை மே மாதத்தில் அடையக்கூடும்.

11. தாளை முடிப்பதும் திருத்துவதும்

ஐந்து ஆட்ட இடங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் முதல் மூன்று சுற்றுக்குள் வரும் வாய்ப்பைச் சதவீதமாக எழுதுங்கள். எதற்கும் 85-க்கு மேல் போடாதீர்கள். ஆறாவதாக, நீங்கள் நம்பாத ஆனால் ஒப்பந்தத் தாளில் கேள்விக்குறி உள்ள ஓர் இடத்தையும் எழுதி வையுங்கள். கிரீன் பே எடுத்த லைன்பேக்கரும் கசின்ஸுக்குப் பின்னான குவார்ட்டர்பேக்கும் இந்த வரியில்தான் அகப்படும்.

முதல் சுற்று வியாழன் இரவு முடிந்ததும் தாளைப் புதிதாக எழுதுங்கள். எடுத்த இடத்தை அழிக்கும் முன், அந்த இடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். கார்னர்பேக், ரிசீவர், முன்வரிசை போன்ற இடங்களுக்கு அணிகள் அடுத்தடுத்து இரண்டு பேரை எடுப்பதுண்டு. 2024-இல் ஈகிள்ஸ் 22-இல் கினியான் மிட்செல், 40-இல் கூப்பர் டிஜீன் என்று இரண்டு கார்னர்பேக்குகளை எடுத்தது. அதன் இரண்டு மூத்த கார்னர்பேக்குகளும் 30-ஐத் தாண்டியிருந்ததால், காலியாக நின்ற நிரல்களும் இரண்டு.

சனிக்கிழமை முடிந்த பிறகு, சதவீதத்துக்கு எதிரே நடந்ததைக் குறித்து, தவறியவை எந்தப் படியில் தவறின என்று அந்த வரியின் ஓரத்திலேயே படியின் எண்ணை எழுதுங்கள். மூன்று ஆண்டுத் தாள்கள் சேர்ந்ததும், ஓரத்தில் எந்த எண் அதிகம் வருகிறதோ அந்தப் படிக்கு அடுத்த மார்ச்சில் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.